பிணைக் கையெழுத்து

கணினி பழக்க ஆள் வந்த செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்தே மழை. நூலக வாசலில் முச்சக்கர வண்டி வந்து நின்றது. ஜெயக்காந்தன் என்ற பயிற்சியாளர் இரண்டு மடிக்கணினிகளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்தபடி இறங்கினார். உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன மேடம், புளிச்ச வாடை?"

"கொக்கோ வாடை. மழைக்குச் சுவர்லருந்து வரும். கொஞ்ச நேரத்துல பழகிரும்" என்றேன்.

எங்கள் ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. யட்டவத்தைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நூலகக் கட்டடம் ஒரு காலத்தில் தோட்டத்துக் கொக்கோ ஸ்டோர். சுவர் இரண்டு முழ அகலம், ஜன்னல் எல்லாம் உயரத்தில், சின்னச் சின்னதாக. பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும். பின்கதவைத் திறந்தால் ஒரு ஒற்றையடிப் பாதை; அது கீழே இறங்கி, ஆற்றைக் கல் வரிசையில் கடந்து, எதிர் மலையில் இருக்கும் தோட்டத்துக்கு ஏறுகிறது.

நான் மஸூதா. இந்த நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக நூலகர். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் "ஒங்களுக்கு வேற வேல இல்லையா?" என்று கேட்கிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

என்னோடு வேலை செய்தவள் தினுஷா. வயது இருபத்தைந்து. எதிர் மலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து வருகிறவள்; அவர்கள் டிவிஷனில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் பெண். சிரித்தால் வாசிப்பறையில் இருப்பவர்கள் எல்லோரும் தலையைத் தூக்குவார்கள். நான் மௌஸைப் பிடிப்பது பாக்குவெட்டியைப் பிடிப்பது மாதிரி இருக்கிறதென்று அன்று முழுக்கச் சிரித்தாள்.

ஜெயக்காந்தன் காட்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அங்கத்தவர் அட்டைகளை ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்ற வேண்டும். அதன் பிறகு ஆட்கள் வீட்டிலிருந்தே நூலைக் கேட்கலாம். தவணை தப்பினால் தொலைபேசிக்குத் தானாகவே அறிவித்தல் போகும். பழகிப் பார்க்க ஒரு தளம், உண்மையான வேலைக்கு இன்னொரு தளம். இரண்டுக்கும் வேறு வேறு கடவுச்சொல். இரண்டையும் ஒரே துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். எதற்கு எது என்று எழுதவில்லை.

"பழகுறதுக்கு நல்ல அட்டைகளை எடுக்காதீங்க மேடம். வேண்டாத பேப்பர் எதுவும் இருந்தா அதுல அடிச்சுப் பாருங்க" என்றார்.

வேண்டாத பேப்பர் எங்களிடம் இருந்தது.

எந்த நூலகத்திலும் சேர்வதற்குப் பிணையாள் ஒருவர் கையெழுத்திட வேண்டும். நூலகத்தை நடத்தும் பிரதேச சபையின் விதிப்படி, வரி கட்டும் வீட்டுக்காரராக இருக்க வேண்டும். லயத்தில் இருப்பவருக்கு வீடும் சொந்தமில்லை, வரிச்சீட்டும் இல்லை. அவர் யாருக்கும் பிணை நிற்க முடியாது. அவருக்குப் பிணை நிற்கிற வீட்டுக்காரர் யாரையும் அவருக்குத் தெரியாது. அப்படி வரும் விண்ணப்பங்களை நாங்கள் நிராகரிப்பதில்லை. நிராகரித்தால் காரணம் எழுத வேண்டுமே! "கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு, படிவத்தைத் தகரக் கிளிப் ஒன்றில் மாட்டி, அட்டைகள் வைக்கும் மேசை இழுப்பறை லாச்சியின் பின்பக்கம் போட்டுவிடுவோம். எனக்கு முன்பிருந்தவர் செய்தார், நானும் செய்தேன். முப்பத்தேழு படிவங்கள் அதில் இருந்தன.

கிளிப்பைக் கழற்றினேன். மேலே இருந்த படிவம் முத்துவீரனுடையது.

பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் தட்டச்சு செய்தேன். பெயர், தோட்டம், டிவிஷன், லய இலக்கம். கடைசியில் பிணையாளர் என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். வெறுமையாக விட்டால் திரை நகர மறுத்தது.

"நட்சத்திரம் போட்ட எடத்துல எதையாவது போட்டே ஆகணும் மேடம். சும்மா ஒரு பேரைப் போட்டு சேவ் பண்ணுங்க" என்றார் ஜெயக்காந்தன்.

என் கண்ணுக்கு முன்னால் தினுஷா இருந்தாள். ஊழியர் பட்டியலில் அவளுடைய அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவற்றைப் போட்டேன்.

சேமிக்கப்பட்டது என்று வந்தது.

கடவுச்சொல்லை மாற்றிப் போட்டு உண்மையான தளத்துக்குள் நுழைந்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முத்துவீரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழு வருடத்துக்கு முன், வியாழன்தோறும் சரியாக இரண்டு மணிக்கு வருவார். தோளில் சாக்கு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கவுண்டரில் நின்று, "அம்மா, எனக்கு யாராச்சும் கையெழுத்துப் போட்டாங்களா?" என்று கேட்பார். தானாகவே யாரோ வந்து போட்டுவிட்டுப் போவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. "இல்ல" என்பேன். மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்து விஞ்ஞானப் பாடநூல் ஒன்றை, 4417 ஆம் இலக்கம், பார்த்துப் பார்த்துப் பழைய தாள்களில் எழுதுவார். படம் வரைய வராது. பூவின் குறுக்குவெட்டை வெற்றிலை மாதிரி வரைந்து வைப்பார். மகள் சாதாரணதரப் பரீட்சை எழுத இருந்தாள்.

பரீட்சைக்கு முந்தைய வியாழன், "ஒரே ஒரு ராத்திரிக்குத் தாங்கம்மா. வெள்ளனக் கொண்டாந்து தந்திர்றேன்" என்று கெஞ்சினார். பிணையாள் இல்லாமல் சட்டத்தில் இடமில்லை என்றேன். ஐந்தரைக்கு மின்விசிறியை நிறுத்தி விளக்கை அணைத்தேன். பாதி வாக்கியத்தில் பேனாவை மூடிவிட்டுப் பின்கதவால் இறங்கினார். நல்ல மழை. மூன்றாம் நாள், வெகு தூரம் கீழே, ஆற்று வளைவில் உடலை எடுத்தார்களாம். பிளாஸ்டிக் பை கையிலேயே இருந்ததாம்.

மகள் பரீட்சை எழுதினாளா என்று நான் விசாரிக்கவில்லை.

புதன்கிழமை காலை தினுஷா துள்ளிக்கொண்டு கூப்பிட்டாள்.

"மிஸ்! ஒன்லைன்ல மொத ஆள் புக் கேட்டிருக்காங்க!"

போய்ப் பார்த்தேன். அங்கத்தவர் முத்துவீரன். நூல் இலக்கம் 4417. நேற்று மாலை 5.30. பக்கத்தில் 'வழங்கப்பட்டது, ஓரிரவுக் கடன்' என்று வேறு இருந்தது.

நேற்று ஐந்து இருபத்தைந்துக்குக் கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டவள் நான்தான்.

"ஜெயக்காந்தன் வெளாட்டுக் காட்டுறாரு போல" என்று சொல்லிவிட்டுப் புத்தக ராக்கைக்குப் போனேன். பழைய பாடநூல்களை யாரும் தொடுவதில்லை, தூசி ஒரே சீராகப் படிந்திருக்கும். 4416 இருந்தது. 4418 இருந்தது. நடுவே இடைவெளி. கையை விட்டுப் பார்த்தேன்.

பலகை ஈரமாக இருந்தது.

கூரை ஒழுகவில்லை. நான் அண்ணாந்து பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். விரலை முகர்ந்தபோது கொக்கோ வாடை இல்லை. ஆற்றுச் சேறும் நனைந்த சாக்கும் கலந்த வாடை.

ஜெயக்காந்தனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் உண்மையான தளத்தில் பதிந்துவிட்டதை அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அங்கத்தவரை அழித்துவிடுங்கள் என்றார். அழிக்கும் பொத்தானை அமர்த்தினேன்.

'இவ்வங்கத்தவரிடம் நூல் உள்ளது. நூல் திரும்பும்வரை நீக்க இயலாது.'

வியாழன் மதியம் வாசிப்பறையில் யாரும் இல்லை. தினுஷா சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி இருந்தாள். நான் பத்திரிகைகளை அடுக்கினேன். சுவர்க்கடிகாரம் இரண்டு காட்டியது.

மூலையில் நாற்காலி ஒன்று சிமெந்துத் தரையில் இழுபட்டது.

நாங்கள் இருவரும் திரும்பினோம். நாற்காலி மேசையிலிருந்து ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு விலகி இருந்தது. அவ்வளவுதான். வேறு ஒன்றுமில்லை.

பிறகு அந்த வாடை வந்தது.

"மிஸ், யாரோ சாக்கு நனைச்ச மாதிரி..." என்று தொடங்கிய தினுஷாவின் தொலைபேசி அடித்தது. எடுத்துப் படித்தாள். நெற்றி சுருங்கியது.

"அறிவித்தல் ஒண்ணு. 'உங்கள் பிணையில் அங்கத்தவர் முத்துவீரன் பெற்ற 4417 இலக்க நூல் திருப்பித் தரப்படவில்லை.' நான் யாருக்கும் சைன் வைக்கலைங்களே மிஸ்?"

"அது பழகுறப்போ விழுந்த பிழை புள்ள. உடு" என்றேன்.

"முத்துவீரன்னா... எங்க மேல் லயத்துல இருந்தாராம், மிஸ். ஆத்துல போனவரு. அவரு பேரு எப்படி இதுல வந்துச்சு?"

என் வாயில் பதில் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால், என் பெயரை ஏன் போட்டீர்கள் என்று கேட்பாள்; அந்தக் கேள்விக்குப் பயந்தேன். வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது சேலையின் கரையில் சேறு காய்ந்திருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

"நேத்து நான் பஸ்ல போகலைங்க மிஸ்."

"பின்ன?"

"தெரியல. பஸ் ஹோல்ட்ல நின்னது ஞாபகம் இருக்கு. அப்புறம் பார்த்தா ஆத்துக்குள்ள நிக்கிறேன். முழங்கால் வரைக்கும் தண்ணி. கல்லுல கூட இல்ல, நடு ஆத்துல." குரல் தாழ்ந்தது. "எதையோ எடுத்துட்டு வரணும்னு மட்டும் மனசுல இருந்துச்சு. யாரோ கையைப் புடிச்சிருந்த மாதிரி. குளிர்ந்த கை."

அவள் மணிக்கட்டைக் காட்டினாள். நாலு விரல் பதிந்த இடம் வெளுத்து, ஊறிப்போய்ச் சுருங்கியிருந்தது, நாள் முழுக்கத் துணி துவைத்தவளின் தோல் போல.

மத்தியானம் இரண்டாவது அறிவித்தல் வந்தது. நான் பின்பக்க வராந்தாவுக்குப் போய் ஜெயக்காந்தனைக் கூப்பிட்டேன்.

"அழிக்க ஏலாது மேடம். பிணையாளை வேணும்னா மாத்தலாம். ஆனா காலியா விட ஏலாது. வேற ஒருத்தரோட பேரும் ஐடி நம்பரும் போடணும். இல்லாத ஆளைப் போட்டா எடுக்காது."

"யாரையும் போடலாமா?"

"சபையில வேல செய்ற யாரையும் போடலாமே. ஒங்க பேரையே போடுங்களேன்."

தொலைபேசியை வைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விதியின் இரண்டாவது பந்தி அது: வரி கட்டும் வீட்டுக்காரர், அல்லது சபையின் நிரந்தர ஊழியர். பதினேழு வருடத்துக்கு முன்பும் அப்படித்தான் இருந்தது. முத்துவீரனிடம் சட்டத்தில் இடமில்லை என்று சொன்னேனே, அது பொய். என் பேனா என் கையில்தான் இருந்தது. ஒரு லயத்து ஆளுக்கு நான் ஏன் பிணை நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

அன்றும் போடவில்லை. என் அடையாள அட்டை கைப்பையில் இருந்தது. திரையைத் திறந்து பிணையாளர் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தினுஷாவின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. திரையை மூடினேன். பயம். வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை. அவளை முச்சக்கர வண்டியில் வீடு வரை அனுப்பிவிட்டு, "நாளைக்கு வராத புள்ள, ரெஸ்ட் எடு" என்றேன். பெரிய உபகாரம் செய்துவிட்டவள் போல.

சனிக்கிழமை அவள் வந்துவிட்டாள். லயத்தில் தனியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறதாம்.

மழை மதியத்தில் பிடித்தது. நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வாசகர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். தினுஷா கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ராக்கைகளுக்கு இடையில் நூல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து பத்துக்கு அவள் தொலைபேசி அடித்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"தினுஷா?"



வந்து பார்த்தேன். நாற்காலி வெறுமையாக இருந்தது. செருப்பு மேசைக்கடியில். தொலைபேசி மேசையில் இன்னும் ஒளிர்ந்தது.

'இறுதி அறிவித்தல். அங்கத்தவர் வர இயலாதவிடத்துப் பிணையாளர் நேரில் சென்று நூலைப் பெற்றுத் தரவேண்டும். இன்று மாலை 5.30.'

பின்கதவு திறந்து கிடந்தது.

தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். மழைக்குள்ளே, பாதையின் திருப்பத்தில், வெறுங்காலோடு அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். வலது கை மட்டும் கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தது. யாரோ பிடித்துக் கூட்டிப் போவது போல.

"தினுஷா! புள்ள, நில்லு!"

திரும்பவில்லை. கீழே ஆறு இரைந்தது. எனக்கு ஐம்பத்தொரு வயது, முழங்காலில் வாதம். ஓடிப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் அந்தக் கையிலிருந்து எப்படி விடுவிப்பது?

உள்ளே ஓடினேன்.

கணினியைத் தொட்டேன். விளக்கு இரண்டு முறை துடித்து அணைந்தது. மின்சாரம் போய்விட்டது. மடிக்கணினி மட்டும் எரிந்தது, பேட்டரியில் நூற்றுக்கு ஆறு வீதம். இணையப் பெட்டியும் அணைந்திருந்தது. என் தொலைபேசியின் இணைப்பைக் கணினிக்குக் கொடுக்க தினுஷா ஒருநாள் சொல்லித் தந்திருந்தாள். எந்தப் பொத்தான்? "அந்த விசிறி மாதிரி இருக்குறது மிஸ், அதைத்தான் அமத்தணும்." அமர்த்தினேன்.

முத்துவீரன். திருத்து. பிணையாளர்.

சிவப்பு நட்சத்திரம்.

என் பெயரை அடித்தேன். அடையாள அட்டை இலக்கத்தை அடித்தேன். 'இலக்கம் பிழை.' ஓர் எண்ணை இரண்டு தடவை அடித்திருக்கிறேன். அழித்துத் திரும்ப அடித்தேன். சேமி.

வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

ஐந்து இருபத்தாறு.

சுற்றியது. நாலு வீதம். மூலை நாற்காலிப் பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஐந்து இருபத்தெட்டு.

"யா அல்லாஹ், என் பேரைத்தான் போட்டிருக்கேன். எடுத்துக்க. எடுத்துக்க" என்று சத்தமாகச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வட்டம் நின்றது.

சேமிக்கப்பட்டது.

திரை இருண்டது. பேட்டரி முடிந்துவிட்டது.

பாதையில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. இரண்டு இடத்தில் விழுந்திருக்கிறேன், காயம் பிறகுதான் தெரிந்தது. ஆறு செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டு ஓடியது. கல் வரிசை மூழ்கிவிட்டது. தினுஷா மார்பளவு தண்ணீரில், கரையோரத்து மூங்கிலை ஒரு கையால் பிடித்தபடி நின்றாள். அழுதுகொண்டிருந்தாள். அவளை இழுத்துக் கரையில் போட்டேன். இருவரும் சேற்றில் கிடந்தோம்.

அவளுடைய மற்றக் கையில் பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. வாய் இறுக்கி முடிச்சுப் போட்ட பை. உள்ளே 4417.

"அவரு தந்தாருங்க மிஸ்" என்றாள், பல் கிட்டியபடி.

"பேசாத."

"'கையெழுத்துப் போட்டாங்களா'ன்னு கேட்டாரு. எனக்கு எப்படித் தெரிஞ்சுச்சோ தெரியல, 'போட்டாச்சு, எங்க மிஸ் போட்டாங்க'ன்னேன். ஒடனே கையை விட்டுட்டாரு." பையை என் பக்கம் நீட்டினாள். "சந்தோஷப்பட்டாரு மிஸ். மத்தவங்ககிட்டயும் சொல்லணும்னாரு."

மற்றவர்கள் யார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் மகளைப் போல அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நடந்ததை எல்லாம் அங்கேயே சொன்னேன். முழுவதையும் கேட்டாள். என் கையை மெல்ல விலக்கினாள். அதன் பிறகு அவள் நூலகத்துக்கு வரவில்லை. சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலையாம். அவளுடைய அம்மா சொன்னார். என்னோடு அவள் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

அடுத்து நூலகம் திறந்த நாள், 4417ஐத் திரும்பப் பெற்றதாகப் பதிந்தேன். பையைப் பிரித்தபோது புத்தகம் உலர்ந்தே இருந்தது. ஒரு பக்கத்தில் வெற்றிலை மாதிரி ஒரு பூவின் படம் பென்சிலால் வரைந்திருந்தது. இப்போது முத்துவீரனின் பதிவை அழிக்கலாம், பொத்தான் பச்சையாகிவிட்டது. எனக்கு மனம் வரவில்லை. மாறாக, அவருடைய காகிதப் படிவத்தில் பதினேழு வருடம் பிந்திய அந்தக் கையெழுத்தைப் போட்டு வைக்கலாம் என்று லாச்சியைத் திறந்தேன்.

தகரக் கிளிப் இருந்தது. ஒரு படிவமும் இல்லை.

லாச்சியின் அடியில் ஒரு விரல் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

கணினியைத் திறந்தேன். பிணையாளர் பெயரை அமர்த்தினால் அவர் யார் யாருக்குப் பிணை நிற்கிறார் என்று காட்டும். தினுஷாதான் சொல்லித் தந்தாள். என் பெயரை அமர்த்தினேன்.

முப்பத்தேழு பேர்.

முத்துவீரனைத் தவிர மற்ற ஒருவரையும் நான் பதியவில்லை. எல்லாம் சனிக்கிழமை மாலை 5.30க்குப் பதிவாகியிருந்தன. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு நூல் வழங்கப்பட்டிருந்தது. ராக்கைக்குப் போய்ப் பார்த்தேன். முப்பத்தாறு இடைவெளிகள். முப்பத்தாறும் ஈரம்.

அவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எப்படிப் போனார்கள், எனக்குத் தெரியாது. ஒருவரையும் நான் விசாரித்ததில்லையே. தோட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். நாலைந்து பேரின் பெயரைச் சொன்னதும் "அவங்க செத்து வருஷமாச்சே" என்றார்கள். மற்றப் பெயர்களைக் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

சாதாரண நூலுக்குத் தவணை பதினான்கு நாள். இன்று பதினான்காவது நாள். நேற்றும் முந்தாநாளும் ஐந்தரைக்கு என்னால் விளக்கை அணைக்க முடியவில்லை. கை சுவிட்சுக்குப் போகும்போது வாசிப்பறை நாற்காலிகள் எல்லாம் ஒருசேர இழுபடுகின்றன, எழுந்து போகச் சொல்லிவிட்டார்கள் என்பது போல. கையை எடுத்தால் அமைதியாகிவிடுகின்றன. விளக்கை எரியவிட்டு வீட்டுக்குப் போகிறேன்.

பிணையாளை மாற்றலாம் என்று ஜெயக்காந்தன் சொன்னது நினைவிருக்கிறது. புதிதாக ஓர் உதவியாளர் வந்திருக்கிறாள், ஜெஸ்லா என்று பெயர். நல்ல பிள்ளை. அவளுடைய அடையாள அட்டை இலக்கம் ஊழியர் பட்டியலில் இருக்கிறது. இதை எழுதுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பட்டியலைத் திறந்தேன். அவள் பெயரில் விரலை வைத்தேன். போடவில்லை.

இதுவரை போடவில்லை.

என் தொலைபேசி இப்போதுதான் அடித்தது. எடுத்துப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் கழற்றி வைத்த செருப்பைக் காலால் தேடினேன். இன்று முழுக்க நல்ல வெயில். நான் வெளியே எங்கும் போகவில்லை.

செருப்பு இரண்டும் நனைந்து, உள்ளே ஆற்று மணல் இருக்கிறது.